'ஐ அக்ரி' அழுத்துறதுக்கு முன்னாடி... ஆன்லைன் கேசினோ விதிமுறையில அப்படி என்னதான் எழுதியிருக்கு?

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், திருப்பூர் வீரபாண்டி பிரிவு பக்கம் ஏதாவது ஒரு பேக்கரியில் நின்று பாருங்கள். வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். பனியன் கம்பெனியிலிருந்து வெளியே வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் கையில் டீ, இன்னொரு கையில் போன். அந்தப் போனில் ஓடுவது எல்லாமே ரீல்ஸ் இல்லை.

நான் பார்க்கப் போனவருக்கு 24 வயசு. ஓவர்லாக் டெய்லர். சொந்த ஊர் தாராபுரம் பக்கம். "பேரெல்லாம் போட்றாதீங்கக்கா, வீட்டுக்குத் தெரியாது" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். போனைத் திருப்பி ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். பேலன்ஸ் 11,400 ரூபாய். அடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் அதே கணக்கு, பேலன்ஸ் 1,000 ரூபாய். நடுவில் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். 'வித்ட்ரா' பட்டனை அழுத்தியிருக்கிறார்.

"ஆயிரம் போட்டேன். ஆயிரம் போனஸ் குடுத்தான். ஆடி ஆடி பதினோராயிரத்தி நானூறு வந்துச்சுங்க. எடுக்கலாம்னு அழுத்துனா, போனஸ் விதிய மீறிட்டீங்க, ஜெயிச்சது செல்லாதுன்னு மெசேஜ் வருது. சாட்ல கேட்டா ஏதோ ஒரு கிளாஸ் நம்பர் போட்டு, நீங்க ஒத்துக்கிட்டதுதானேங்கறான். நான் எப்பக்கா ஒத்துக்கிட்டேன்?"

கணக்கு ஆரம்பிக்கும்போது, '18 வயது ஆகிவிட்டது, விதிமுறைகளை ஏற்கிறேன்' என்று ஒரு குட்டிக் கட்டம் இருந்திருக்கும். அதில் டிக் அடித்த அந்த அரை விநாடியில்தான்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போனில் எத்தனை ஆப் வைத்திருக்கிறேன், எதற்கு நான் விதிமுறையைப் படித்தேன்? சரி, இப்போதாவது படித்துப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் போன், அவர் ஆடிய தளம், அதன் டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ். முழுக்க இங்கிலீஷ். பொது விதி தனி, போனஸ் விதி தனி, பணம் எடுக்கிற விதி தனி, ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம். ஒன்றில் பாதி வாக்கியம் இருந்தால் மீதிக்கு இன்னொன்றைத் திறக்க வேண்டும். இரண்டு டீ ஆனது.

இந்த ஊருக்கு இது புதுசு இல்லை என்பதுதான் வேடிக்கை. வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆர்டர் ஷீட்டை இங்கே எப்படிப் படிப்பார்கள் என்று யாரையாவது கேளுங்கள். நெஞ்சளவில் எத்தனை மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம், ஷிப்மென்ட் தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு யார் தலையில் விழும், பீஸ் ரிஜெக்ட் ஆனால் எவ்வளவு பிடிப்பார்கள்... ஒரு வரியைத் தவறவிட்டால் அந்த ஆர்டரின் மொத்த லாபமும் போய்விடும். செக்கிங் டேபிளில் நிற்கிற அக்காவுக்குக்கூட அந்த ஷீட்டின் அருமை தெரியும். அதே ஊரில், அதே கண்கள், போனில் வருகிற ஷீட்டை மட்டும் ஒரு தட்டில் தள்ளிவிடுகின்றன.

ஆயிரம் போட்டா ஆயிரம் ஃப்ரீ!

முதலில் அந்த போனஸ். 'வேஜரிங் ரிக்வயர்மென்ட்' என்று ஒரு தலைப்பு. தமிழில் சொன்னால், ஜெயித்த பணத்தை எடுக்கும் முன் எத்தனை மடங்கு தொகையைப் பந்தயமாகச் சுற்றவிட வேண்டும் என்ற கணக்கு. நாங்கள் படித்ததில் 40 மடங்கு. எதற்கு 40 மடங்கு என்று பார்த்தால், போனஸுக்கு மட்டும் இல்லை, நாம் போட்ட காசையும் சேர்த்து. அதாவது 1,000 கூட்டல் 1,000, அதற்கு 40 மடங்கு. 80,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டி முடிக்கும் வரை ஒரு பைசா வெளியே வராது.

தடவைக்கு 20 ரூபாய் வீதம் ஸ்லாட் சுற்றினால் 4,000 தடவை. ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடி என்று வைத்தாலும் ஐந்தரை மணி நேரம், பாத்ரூம்கூடப் போகாமல். "ஒன்றரை ஷிப்டுல பாதி" என்றார் நம்ம டெய்லர், உடனே.

நேரம் போனால் போகட்டும், காசைப் பாருங்கள். ஸ்லாட் விளையாட்டுகளில் 'ஆர்.டி.பி.' என்று ஒரு சதவிகிதம் போட்டிருப்பார்கள். 96 என்று இருந்தால், நெடுங்காலம் ஆடும்போது 100 ரூபாய்ப் பந்தயத்துக்குச் சராசரியாக 96 ரூபாய் திரும்பும், நாலு ரூபாய் கடைக்காரனுக்கு என்று அர்த்தம். நாலு ரூபாய்தானே என்று தோன்றும். 80,000 ரூபாய்க்கு நாலு சதவிகிதம் எவ்வளவு? 3,200. நம் கணக்கில் இருப்பதோ போனஸும் சேர்த்து 2,000. அதாவது சராசரி ஆளுக்கு, விதியை முடிக்கிற தூரத்துக்கு முன்பே பெட்ரோல் தீர்ந்துவிடும். தீரும்படிதான் அந்த 40 போடப்பட்டிருக்கிறது.

ஸ்லாட் வேண்டாம், ரூலெட்டில் கடைக்காரன் பங்கு கம்மியாச்சே என்று சில புத்திசாலிகள் சொல்வார்கள். உண்மைதான். ஒரே ஒரு பூஜ்யம் உள்ள ரூலெட்டில் அது 2.7 சதவிகிதம். அதையும் எழுதியவர்கள் யோசித்துவிட்டார்கள். விதிமுறையில் இன்னொரு அட்டவணை இருக்கிறது. ஸ்லாட்டில் வைத்த பந்தயம் 100 சதவிகிதம் கணக்கில் சேரும். ரூலெட், பிளாக்ஜாக் என்றால் 10 சதவிகிதம்தான் சேரும். அப்படியானால் 80,000 ஆகிவிடுகிறது 8 லட்சம். 8 லட்சத்துக்கு 2.7 சதவிகிதம், 21,600 ரூபாய். ஆயிரம் ரூபாய் 'ஃப்ரீ'யாகக் கொடுத்ததற்கு.

இது சட்டப்படி கேசினோ நடக்கிற நாடுகளிலேயே பெரிய தலைவலி. பிரிட்டனில் சூதாட்டத்துக்கு முறையான உரிமம் உண்டு, தனி ஆணையமும் உண்டு. அந்த ஆணையமே, இந்த மடங்கு 10-ஐத் தாண்டக் கூடாது என்று 2025-ல் அறிவித்தது. கட்டுப்பாடு உள்ள இடத்தில் 10. நம்ம போனில் 40. சில தளங்களில் 60-கூட இருக்கிறது.

அவர் மீறிய விதி எது?

11,400 போனதற்கான காரணத்தைக் கடைசியில் கண்டுபிடித்தோம். போனஸ் நிலுவையில் இருக்கும்போது ஒரு பந்தயம் 400 ரூபாயைத் தாண்டக் கூடாது. இவர் ஒரு ராத்திரி, ஒரே ஒரு தடவை, 500 வைத்திருக்கிறார்.

"அப்படின்னா 500 பட்டன எதுக்கு வச்சிருக்கான்?"

நியாயமான கேள்வி. 400-க்கு மேல் வைக்க முடியாதபடி அந்தப் பட்டனை மங்கலாக்கி வைப்பது அவர்களுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. வைக்க விடுகிறார்கள். தோற்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த 500 தோற்றுப் போயிருந்தால், விதியை மீறிட்டீங்க, இந்தாங்க காசு என்று திருப்பித் தந்திருப்பார்களா? ஜெயித்து, பணம் கேட்கும்போதுதான் விதி விழித்துக்கொள்கிறது.

இதுபோல இன்னும் சில வரிகள் அங்கே உண்டு. போனஸில் எவ்வளவு ஜெயித்தாலும் இத்தனை மடங்குதான் எடுக்கலாம் என்று ஒரு உச்சவரம்பு. சில மாதம் உள்ளே வரவில்லை என்றால் மாதாமாதம் கட்டணம். 'முறையற்ற ஆட்டம்' என்று நாங்கள் கருதினால் ரத்து செய்வோம் என்று ஒரு பத்தி. எது முறையற்றது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். இந்த விதிகளை முன்னறிவிப்பு இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று ஒரு வரி. இது கிட்டத்தட்ட எல்லா ஆப்பிலும் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். மியூசிக் ஆப் விதியை மாற்றினால் பாட்டு போகும். இங்கே தீபாவளி போனஸ் போகும். இவருக்குப் போனது அதுதான்.

அப்புறம் கே.ஒய்.சி. பணம் போடும்போது யாரும் ஆதார் கேட்பதில்லை, யு.பி.ஐ. போதும், பத்து விநாடி. எடுக்கும்போதுதான் அடையாள அட்டை, முகவரிச் சான்று, போனைக் கையில் பிடித்தபடி செல்ஃபி, சில நேரம் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று. வாடகை ரூமில் நாலு பேரோடு தங்கியிருக்கிற ஒருத்தர் தன் பெயரில் கரன்ட் பில்லுக்கு எங்கே போவார்? பல பேர் இந்த இடத்தில் சலித்துப்போய், பேலன்ஸில் இருப்பதை மறுபடி ஆடியே தீர்த்துவிடுகிறார்கள். நம்ம டெய்லரும் மிச்சம் இருந்த ஆயிரத்தை அன்றைக்கு ராத்திரியே தீர்த்தார்.

கோர்ட்டுக்குப் போனா?

பிரிட்டனில் ஒருவர் போனார். லிங்கன்ஷயர்காரர். 2018 ஜனவரியில் பெட்ஃப்ரெட் என்ற நிறுவனத்தின் பிளாக்ஜாக் விளையாட்டில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஜெயித்தார். அன்றைய மதிப்பில் சுமார் 15 கோடி ரூபாய். நிறுவனம், சாஃப்ட்வேரில் கோளாறு, கோளாறு இருந்தால் பரிசு செல்லாது என்று எங்கள் விதிமுறையில் இருக்கிறது, நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள் என்றது. அவர் வழக்குப் போட்டார். மூன்று வருடம் கழித்து, 2021 ஏப்ரலில், லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி ஃபாஸ்டர் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார். அந்த விதிகளின் வாசகங்கள் நிறுவனம் சொல்கிற பொருளைத் தரவில்லை, பக்கம் பக்கமான எழுத்துக்குள் புதைந்து கிடந்தவற்றை வாடிக்கையாளர் கவனத்துக்கு நியாயமாகக் கொண்டுவரவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தக் கதையைச் சொன்னதும் நம்ம டெய்லருக்கு முகம் மலர்ந்தது. "அப்ப நானும்..?"

இல்லை. அவருக்கு அந்தக் கதவு கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 30. பந்தயம் கட்டுகிற ஒப்பந்தம் செல்லாது; பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லப்படும் எதையும் கேட்டு வழக்குப் போட முடியாது. நூற்றைம்பது வருடப் பழைய சட்டம். 11,400 இல்லை, 11 கோடி ஜெயித்திருந்தாலும் திருப்பூர் நீதிமன்றத்தில் போய் என் பரிசைக் கொடு என்று கேட்க வழியில்லை.

எனக்கு இதுதான் மொத்தப் படிப்பிலும் பெரிய திடுக்கிடல். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். இது ஒரு பக்கம் மட்டும் முடிச்சுப் போட்ட கயிறு. அவர்கள் உங்கள் மீது விதியைப் பாய்ச்சலாம், ஏனென்றால் காசு அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் அவர்கள் மீது பாய்ச்ச எந்த மேடையும் இல்லை.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் விதிமுறையின் அடியில் தேடினோம். 'குராசாவ் சட்டங்களுக்கு உட்பட்டது' என்றிருந்தது. கரீபியன் கடலில் ஒரு தீவு, நெதர்லாந்து ராஜ்ஜியத்தின் ஒரு பகுதி, மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். உலகத்து ஆன்லைன் கேசினோக்களில் ஏகப்பட்டதுக்கு அங்கேதான் உரிமம். ரொம்ப காலம் அங்கே நாலே நாலு மூல உரிமக்காரர்கள், அவர்கள் கொடுக்கிற துணை உரிமங்கள் என்று ஓடியது. 2024 டிசம்பரில்தான் புதுச் சட்டம் கொண்டுவந்து இறுக்க ஆரம்பித்தார்கள். வீரபாண்டியிலிருந்து ஒருத்தர் அங்கே போய்ப் புகார் கொடுப்பதை யோசித்துப் பாருங்கள்!

அதே பக்கத்தில், நாங்கள் கிட்டத்தட்ட தாண்டிவிட்ட ஒரு வரி. இந்தத் தளத்தைப் பயன்படுத்துவது உங்கள் ஊர்ச் சட்டப்படி சரியா என்று தெரிந்துகொள்வது முழுக்க உங்கள் பொறுப்பு. தமிழ்நாட்டில் உட்கார்ந்து இந்த வரிக்கு டிக் அடிப்பவர் எதற்கு ஒப்புக்கொள்கிறார் தெரியுமா?

இங்கே சட்டம் என்ன சொல்கிறது

ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைத்து, அறிக்கை வாங்கி, சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றி, ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த இழுபறி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். ஆடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டதை மட்டும் ரத்து செய்தது. சட்டம் நின்றது. ஸ்லாட்டும் ரூலெட்டும் அதிர்ஷ்டம்தான், அதில் வாதமே இல்லை.

அதற்கு மேல், 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, நடத்தக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, வங்கிகள் அதற்குப் பணம் கடத்தக் கூடாது. இந்த மத்தியச் சட்டம் ஆடுகிறவரைத் தண்டிக்கவில்லை. அது வந்ததும் இந்தியாவின் பெரிய ஆப்கள் பணம் வைத்து ஆடுவதை நிறுத்திக்கொண்டன. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் டெலிகிராமில் லிங்க் அனுப்பி, வாரத்துக்கு ஒரு முகவரி மாற்றும் வெளிநாட்டுத் தளங்கள்.

வங்கி வழி மூடியதால் அவர்கள் பிடித்த சந்துதான் அடுத்த ஆபத்து. நீங்கள் பணம் போடும் யு.பி.ஐ. எண் அந்தக் கம்பெனியுடையது இல்லை. யாரோ ஒருத்தருடைய சேமிப்புக் கணக்கு. கமிஷனுக்கு வாடகை விட்டது. வித்ட்ரா வரும்போதும் அப்படித்தான் வரும். பேக்கரியில் எங்களோடு வந்து உட்கார்ந்த ரூம்மேட், கட்டிங் செக்‌ஷன், சொன்னது இது.

"எனக்கு ஒரு வாட்டி 3,200 நெசமாலுமே வந்துச்சுங்க. யாரோ ஒரு பேர்ல இருந்து. நானும் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். மூணு வாரம் கழிச்சு ஏ.டி.எம். போனா பணம் வரல. பேங்க்ல கேட்டா, வேற ஸ்டேட் சைபர் கிரைம்ல இருந்து ஹோல்டு போட்டிருக்காங்கன்னாங்க."

அந்தப் பணம் எங்கோ ஒருத்தரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம். அவர் புகார் கொடுக்க, அது பயணம் செய்த கணக்குகளை எல்லாம் போலீஸ் பூட்டச் சொல்ல, கடைசியில் கட்டிங் மாஸ்டரின் உதவியாளர் கணக்கிலும் பூட்டு. அவருடைய வாரச் சம்பளமும் அதே கணக்கில்தான் விழுகிறது. தோற்றிருந்தால் போட்ட காசு மட்டும்தான் போயிருக்கும்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று முக்கியம். 'உங்கள் பணம் தயார், 30 சதவிகித வரியை முதலில் கட்டினால் விடுவிப்போம்' என்று மெசேஜ் வந்தால் அது சுத்த ஏமாற்று. ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 சதவிகிதம் பிடிப்பது வருமான வரிச் சட்டத்தில் இருந்த விஷயம்தான். ஆனால் அதைக் கொடுக்கிற பணத்தில் கழித்துக்கொள்வார்கள், தனியாக முன்கூட்டிக் கட்டச் சொல்ல மாட்டார்கள். இப்படி ஏமாந்திருந்தால் 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. புகார் கொடுத்தால் நானே மாட்டுவேனா, கணக்கில் போட்ட பூட்டை எப்படி எடுப்பது என்ற குழப்பத்துக்கு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், போன் 15100. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவச உதவி பெறும் உரிமை சட்டத்திலேயே உண்டு. பனியன் கம்பெனிக்காரர்கள் தாராளமாகப் போகலாம். கடன் மேல் கடன், தூக்கம் இல்லை, நிறுத்த முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ். தமிழில் பேசலாம், காசு இல்லை.

கிளம்புவதற்கு முன், கணக்கை மூடிவிடலாமா என்று நம்ம டெய்லர் கேட்டார். மூடுவதற்கும் விதிமுறையில் ஒரு பத்தி இருந்தது. பட்டன் கிடையாது, மெயில் அனுப்ப வேண்டும். இங்கிலீஷில் இரண்டு வரி நான் சொல்லச் சொல்ல அவரே டைப் செய்தார். பதில் ஒன்றரை நிமிடத்தில் வந்தது. கணக்கை மூட கே.ஒய்.சி. முடிக்க வேண்டுமாம். கீழே, உங்களுக்காக மட்டும் 50 ஃப்ரீ ஸ்பின், பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி.

அவர் அந்த நட்சத்திரத்தை அழுத்திப் பார்த்தார். "இதுக்கு அறுவது மடங்குங்க்கா" என்றார். மெயிலை பிளாக் செய்துவிட்டு, டீக்குக் காசு கொடுக்க எழுந்தார்.